வாலாஜா பள்ளிவாசல்: கல்லும் கஞ்சியும்

கோயில் கருவறையைச் சூழ்ந்து வளர்வது. பள்ளிவாசலோ தொழுகைக்கு நிற்போரின் வரிசையை ஒட்டி வளர்வது. மக்காவின் கஅபா இருக்கும் திசை கிப்லா எனப்படும். அத்திசைச் சுவரின் நடுவே அமைந்த மிஹ்ராப் என்னும் மாடத்தில் இமாம் நிற்க, அவருக்குப் பின்னே மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுப்பதால், தொழுகைக்கூடம் பெரும்பாலும் நீளத்தைவிட அகலம் மிகுந்ததாக இருக்கும். கிப்லா தமிழகத்தில் ஏறக்குறைய மேற்கு, லண்டனில் தென்கிழக்கு. இன்ன வடிவில்தான் கட்ட வேண்டும் என்ற விதி இல்லாமையால், அந்தந்த ஊரின் கல்லும் கைத்திறனும் பள்ளிவாசலில் இயல்பாக இடம்பெறுகின்றன.

வேறொரு சமயத்தாரின் கட்டடமே பள்ளிவாசலாவதும் உண்டு. லண்டன் பிரிக் லேன் தெருவில், பிரான்சிலிருந்து சமய ஒடுக்குமுறைக்குத் தப்பிவந்த ஹூகனோக்கள் என்னும் புராட்டஸ்டண்டுக் கிறித்தவர்கள் 1743இல் கட்டிய தேவாலயம், பின்னர் மெதடிஸ்டுகளுக்கும் 1898இல் யூதர்களுக்கும் வழிபாட்டிடமாகி, 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று.

தமிழகத்தின் நகரப் பள்ளிவாசல்களுள் தனித்து நிற்பது சென்னை திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல். ஆர்க்காடு அரசின் நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் இதை 1795இல் எழுப்பினர். மரமோ இரும்போ சேராமல் சாம்பல்நிறக் கருங்கல்லால் கட்டப்பட்ட இதன் இருபுறமும் உயர்ந்த மினாராக்கள் நிற்கின்றன. மினாரா என்பது தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி தொலைவுக்கும் கேட்பதற்கென எழுந்த கோபுரம். கட்டடத்தின் அழகைவிடச் சிறப்பாகச் சொல்லவேண்டியது அதன் கல்வெட்டு: அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டாதலால், கூட்டினால் ஹிஜ்ரி 1209 என்ற ஆண்டு கிடைக்கும் தொடர் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது; அதை அமைத்தவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர்.

பள்ளிவாசல் தொழுகைக்கு மட்டும் உரியதன்று; ஊர் முஸ்லிம்களின் சபையான ஜமாஅத் கூடுவதும், ரமலானில் நோன்புக்கஞ்சி பகிர்வதும் அங்கேதான். வாலாஜா பள்ளிவாசலில், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள், மயிலாப்பூரில் சமைத்த சைவ உணவை ரமலான் மாலைகளில் கொண்டுவந்து, நோன்பாளிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தம் கையால் பரிமாறிவருகின்றனர்.