மான்மறியும் மருப்பும்

சிவபெருமான் திருக்கரத்து ஏந்திய மானைத் தேவாரம் மான்மறி எனப் பலவிடத்தும் கூறாநிற்கும். மறி என்பது ஆடு, குதிரை, நவ்வி, உழை, புல்வாய் என்பவற்றின் இளமைப்பெயரென்பது தொல்காப்பிய மரபியலாற் பெறப்படும். அங்ஙனமாயின், படிமங்கள் சிலவற்றில் அம்மறி கொம்புடையதாகக் காணப்படுதல் யாங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

கோடு, மருப்பு, கொம்பு என்பன பொதுச்சொற்கள். யானையின் தந்தமும் கோடெனவும் மருப்பெனவும் வழங்கும். வேறுபாடு அடைமொழியாலேயே விளங்கும். இரலைக்குத் திரிமருப்பு என்றும், கலைக்குக் கவைத்தலை என்றும் சங்கச் சான்றோர் அடைகொடுத்தனர். (கலை என்பது முசுவின் ஆணுக்கும் பெயராகலின் பின்னைய அடை பெரிதும் வேண்டப்படுவதே.) இவை வெற்றணியல்ல. இரலையின் கொம்பு என்புமுளையின்மேல் உறைபோற் கவிந்து, முறுகி வளர்ந்து, வாழ்நாள் முழுதும் வீழாது நிற்பது, கிளைப்பதன்று. புள்ளிமான், கடமான் என்பவற்றின் கொம்போ முழுதும் என்பாய், மெல்லிய மயிர்த்தோல் போர்த்து வளர்ந்து, முற்றியபின் அத்தோல் உரிந்து, காலத்தில் வீழ்ந்து, மீளவும் முளைப்பது. பெரும்பாலும் மும்மூன்று கவையுடையது.

இனி, ஆண் இரலைக்கன்றுக்கு முதலாண்டிலேயே கொம்பு அரும்பும். அப்பொழுது அது சிறிதாய், நேராய் இருக்கும். முறுக்கு உண்டாதல் பின்னரே. ஆகலின் சிறு நேர்கொம்பு மறியென்னுஞ் சொல்லொடு முரணாது. அவ்விடத்துக் கவைக்கொம்பு வரையின் அதுவே முரணாம். அது முற்றிய கலைக்கு உரியதாகலின்.