மனையும் கொல்லையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று கூறுவது நெடுநாளைய வழக்கு. கல்லணையிலும் அதற்குக் கீழும் பிரிந்து, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பல பெயர் பூண்டு ஓடும் அவ்வாறு, குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையச் செய்து வங்கக் கடலில் கலக்கின்றது. ஆயின், அந்நெல்லை நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுத்துக் களம் சேர்த்த உழைப்பாளிகள் எத்தகைய இல்லங்களில் வாழ்ந்தனர் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தியாகும்.

பண்ணைகளில் உழைத்தோருள் பெரும்பாலோர் நிலமற்றவர். ஒடுக்கப்பட்ட வகுப்பினரே அவர்களுள் மிகுதி. வயலை அடுத்த தாழ்ந்த நிலத்தில், மிராசுதாருக்கு உரிய மனையில், மண்சுவர் எழுப்பிக் கீற்று வேய்ந்து அவர்கள் வாழ்ந்தனர். அவ்விடத்துக்குக் குடியிருப்பு என்று பெயர். குடிசை உழைப்பவனுடையது, அது நிற்கும் மண் மற்றொருவருடையது. கூலி பற்றி வேற்றுமை நேரின், வேலையோடு வீட்டையும் இழக்க நேரும். நாளை வெளியேறும்படி கூறப்படலாம் என்னும் அச்சம் உடைய ஒருவன், ஆறேழு ஆண்டு கழித்துக் காய்க்கும் தென்னையை இன்று நடுவானோ? வெள்ளத்துக்கு அஞ்சித் தரையை உயர்த்துவானோ? சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவானோ? குடிசைகள் சீர்கெட்டுக் கிடந்தமைக்குக் காரணம் அங்கு வாழ்ந்தோரின் சோம்பல் அன்று, உரிமையின்மையே ஆகும்.

இந்நிலை எளிதில் மாறிவிடவில்லை. 1952-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எனினும் கூலிப் பூசல்கள் தொடர்ந்தன. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணி என்னும் சிற்றூரில், தாக்குதலுக்கு அஞ்சி ஒரு குடிசையினுள் ஒடுங்கிய உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், அக்குடிசையோடு எரிக்கப்பட்டு மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளுமே. நாடு நடுங்கிய அந்நிகழ்ச்சிக்கு மறு ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ஆம் ஆண்டில், குடியிருப்பு மனைகளை அவற்றில் வாழ்வோர்க்கே உரிமையாக்கும் சட்டத்தைத் தமிழக அரசு இயற்றியது. நிலவுடைமையாளருக்கு இழப்பீடு உண்டு. வாழ்வோர்க்கு மனை சொந்தம் என்பது அதன் சாரம்.

அச்சட்டத்தில் ஒரு பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. குடியிருப்பு என்பது குடிசை நிற்கும் இடம் மட்டும் அன்று என்றும், அவ்வீட்டில் வசதியாக வாழ்வதற்கு வேண்டிய அளவு அதனை ஒட்டிய நிலமும் அதனுள் அடங்கும் என்றும் சட்டம் வரையறுத்தது. வீடு என்பது கூரையும் சுவரும் மட்டும் அன்று; சிறிது கொல்லையும் சேர்ந்ததே வீடு என்னும் உண்மை இதனால் சட்டத்திலும் இடம்பெற்றது.

மனை சொந்தமான உடனே வீடு சிறந்துவிடுவதில்லை. கையில் பெரும்பொருள் இல்லாத ஒரு குடும்பம், தன் உழைப்பையும், காலடியில் கிடைக்கும் மண், வைக்கோல், ஓலை, கிளிஞ்சல் முதலியவற்றையும் கொண்டே வீட்டைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். அவ்வாறு திருத்துவதில் ஒரு முறை உண்டு. முதலில் நீருக்கு வழி. பின்னர்ச் சுவரும் கூரையும். அதன் பின்னரே அழகும் தோட்டமும். இம்முறை பிறழ்ந்தால் உழைப்பு வீணாகும்.

தஞ்சைச் சமவெளி சரிவு மிகக் குறைந்தது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது நீர் விரைந்து வடிவதில்லை. ஆதலின் தரையை உயர்த்துவதே முதற்பணியாகும். கடந்த வெள்ளத்தின் கறை மரத்திலோ சுவரிலோ எவ்வளவு உயரத்தில் படிந்துள்ளது என்று பார்த்து, அதற்கும் ஒரு சாண் மேலாகத் தரை அமைதல் நலம். மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேடாக்குதல் கூடாது. அரை அடி உயரம் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுகச் செய்த பின்பே அடுத்த படையைப் பரப்ப வேண்டும். இடிக்காத மண் முதல் மழையிலேயே அமிழ்ந்து, சுவரையும் பிளந்துவிடும். மேட்டின் ஓரங்களில் அறுகம்புல்லைப் பதித்தால் அதன் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். வீட்டைச் சுற்றிச் சிறு கால் வெட்டி, அதனை ஊர் வடிகாலோடு இணைத்தல் வேண்டும். பாசன வாய்க்காலில் விட்டுவிடுதல் தகாது. வயலுக்கும் குளத்துக்கும் செல்லும் நீர் அதனால் கெடும். மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விட்டால் அதில் நீர் தேங்கிக் கொசு பெருகும். அதனைக் குப்பைக்குழியாகப் பயன்படுத்திச் சாணமும் சருகும் சாம்பலும் இட்டு வந்தால், ஓராண்டில் தோட்டத்துக்கு எருவாகும்.

அடுத்தது சுவர். ஆற்று வண்டல் கலந்த களிமண் இப்பகுதியில் எளிதில் கிடைக்கும். களிமண் ஈரத்தில் உப்பும். உலரும்போது சுருங்கி வெடிக்கும். இக்குறையை நீக்க, மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மீண்டும் மிதித்துப் பயன்படுத்துவர். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். வைக்கோல், வெடிப்பு விரியாதபடி மண்ணை இழுத்துப் பிடிக்கும். சுவரை ஒன்றரை அடி உயரம் எழுப்பி, அது காய்ந்த பின்பே மேலும் எழுப்புதல் வேண்டும். ஈரச் சுவரின் மேல் பாரம் ஏற்றினால் அது பிதுங்கிச் சாயும். ஆகவே, பங்குனி, சித்திரை வெயிற்காலமே சுவர் வேலைக்கு ஏற்ற காலமாகும்.

மண்சுவருக்குப் பகை மழை என்பர். உண்மையில், நேரே விழும் மழையினும், கூரையிலிருந்து விழுந்து தெறிக்கும் நீரே அடிச்சுவரை மிகுதியாக அரிக்கின்றது. இறவாணம் சுவருக்கு வெளியே இரண்டு அடியேனும் நீண்டிருந்தால் இத்தீங்கு பெரிதும் குறையும். அடிச்சுவரை மட்டும் செங்கல்லால் கட்டுதல் இன்னும் சிறந்தது. கூரையின் சரிவு செங்குத்தாக இருப்பின் நீர் ஓலையில் தங்காது வழிந்தோடும். சரிவு குறைந்தால் ஓலை மட்கி ஒழுகும். கீற்றைக் கீழிருந்து மேலாக, ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வேய்தல் வேண்டும். தென்னங்கீற்று ஓரிரண்டு ஆண்டுகளில் நைந்துவிடும். பனையோலை அதனினும் நெடுநாள் நிற்கும். புயல் வீசும் இந்நாட்டில், கூரையின் சட்டத்தை ஊன்றிய கால்களோடு கயிற்றால் இறுகப் பிணைத்தல் இன்றியமையாதது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதினும், கீழே புகுந்து தூக்கி எறிவதே மிகுதி. அடுப்பங்கரையைத் தனியே, காற்று வீசும் திசையறிந்து அமைப்பது தீ விபத்தைத் தடுக்கும்.

சுவர் நன்கு காய்ந்த பின்னர்ச் சுண்ணாம்பு பூசலாம். கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சல்களைச் சூளையில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். இவ்வேலையின்போது கண்ணிலும் கையிலும் படாதவாறு விழிப்பாக இருத்தல் வேண்டும். சிறுவரை அருகில் விடலாகாது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மீண்டும் கல்லைப் போல இறுகுகின்றது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டினுள் வெப்பமும் குறைகின்றது. குறைந்த செலவில் அழகும் உறுதியும் குளிர்ச்சியும் ஒருங்கே தருவது இதுவே.

வீடு இவ்வாறு சீர்பெற்ற பின் கொல்லையை நோக்கலாம். பாத்திரம் துலக்கும் இடத்திலிருந்தும் குளிக்கும் இடத்திலிருந்தும் நாள்தோறும் நீர் வெளியேறுகின்றது. அது வாயிலில் தேங்கினால் சேறும் நாற்றமும் கொசுவும் உண்டாகும். ஒரு சிறு காலின் வழியே கொல்லைக்குச் சென்றால் உணவாகும். அக்காலின் முனையில் வாழையும் சேம்பும் கல்வாழையும் நட்டால், அவை அந்நீரை உறிஞ்சித் தழைக்கும். ஒரு வாழை குலை தள்ளுமுன்பே பக்கக் கன்றுகள் தோன்றிவிடுவதால், மீண்டும் கன்று வாங்கும் செலவும் இல்லை.

கொல்லையின் பயன் சிக்கனம் மட்டும் அன்று. தஞ்சை வயல் நெல்லைத் தருகின்றது. சோறு வயிற்றை நிரப்புகின்றது. ஆயின் சோற்றில் உயிர்ச்சத்து ‘ஏ’ இல்லை. அச்சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் வரும். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, பரங்கி ஆகியவை அக்குறையை ஈடுசெய்ய உதவுவன. வயல் கொடாததைக் கொல்லை கொடுக்கின்றது. முருங்கையை விதையின்றியும் வளர்க்கலாம். மூன்றடிக் கிளையை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். ஆடித் திங்களில் அவரை, புடல், சுரை, பரங்கி முதலியவற்றை ஊன்றிப் பந்தலிலோ வேலியிலோ ஏற்றலாம். ஆடியை அடுத்து மழைக்காலம் வருமாதலின், சமநிலத்தில் விதைத்த செடி அழுகிவிடும். பாத்திகளை அரை அடி மேடாக்கி, இடையே நீர் வடியும் வழி விடல் வேண்டும்.

மரம் நடுவதில் தொலைநோக்கு வேண்டும். இரண்டு தென்னைகளுக்கு இடையே 25 அடி இடைவெளி தேவை. வீட்டையும் ஒட்டி நடலாகாது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. வீட்டின் மேல் விழும் மரம், நட்டவனுக்கே பகையாகும் அன்றோ? முருங்கைக் கிளையும் எளிதில் முறிவதாதலின் கூரைக்கு அருகே வளர்க்கலாகாது. மனையின் எல்லையில் கிளுவை, பூவரசு, நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றின் போத்துகளை நட்டால் அவை உயிர்வேலியாகும். வேலி ஆட்டையும் மாட்டையும் தடுப்பதோடு, பட்டாவில் கண்ட எல்லையை மண்ணிலும் காட்டி நிற்கும்.

சட்டம் இயற்றிய பின்னும் நிலமும் வீடும் இல்லாதோர் பலர் இருந்தனர். அவர்கள்பொருட்டுச் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் 1981-ஆம் ஆண்டில் ‘லாப்டி’ எனப்படும் உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். அவ்வியக்கம், நிலத்தை விலைக்குப் பெற்று நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து தந்தது. மண்குடிசைகளை அகற்றி உறுதியான சிறு வீடுகள் கட்டும் பணியிலும் ஈடுபட்டது. அவ்விருவர்க்கும் அவர்தம் இயக்கத்துக்கும் 2008-ஆம் ஆண்டில் ‘மாற்று நோபல் பரிசு’ என வழங்கும் வாழ்வுரிமை விருது அளிக்கப்பெற்றது.

அரசும் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டங்களை 2010-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் கொண்டுவந்தது. அவற்றால் பல சிற்றூர்களில் ஓலைக் கூரைகள் குறைந்துள்ளன. எனினும், முன்னர்க் கூறிய முறைகள் பயனற்றுப் போய்விடவில்லை. காங்கிரீட் வீடாயினும் தாழ்ந்த தரையில் கட்டினால் வெள்ளம் புகும். அதன் தளம் கோடையில் ஓலையினும் மிகுதியாகக் காயும். மேலே சுண்ணாம்பு பூசுதலும், மேற்குச் சுவரருகே பந்தலிட்டுக் கொடி படரவிடுதலும் அவ்வெப்பத்தைத் தணிக்கும். கழிவுநீருக்கு வழியின்றேல், புதிய வீட்டின் வாயிலிலும் பழைய சேறே தேங்கும்.

சட்டம் ஒரு குடும்பத்துக்கு மனையை அளிக்கலாம். அரசு சுவரையும் கூரையையும் அளிக்கலாம். நீர் வடியக் கால் வெட்டுதலும், சுவரின் வெடிப்பை மழைக்கு முன்பே அடைத்தலும், முருங்கைப் போத்து ஊன்றுதலும் அங்கு வாழ்வோர் தம் கையால் ஆற்ற வேண்டிய பணிகள். அப்பணிகளுக்கு மனம் வருவது, ‘இம்மண்ணிலிருந்து எவரும் நம்மை அகற்ற முடியாது’ என்னும் உறுதி பிறந்த பின்னரே. தஞ்சைச் சிற்றூர் ஒன்றில், உழவுத் தொழிலாளி ஒருவரின் கொல்லையில் காய்த்து நிற்கும் தென்னையைக் காண்போர், அதனை ஒரு மரம் என்று மட்டும் கருதலாகாது. நாளையும் இங்கேயே இருப்போம் என்று நம்பி ஒரு குடும்பம் நட்ட உரிமையின் அடையாளம் அது.