நித்தியகல்யாணி இலையும் அதன் மருந்துச் சத்தும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வீட்டு முற்றங்களிலும் புறம்போக்குகளிலும் நீர் விடுவாரின்றியே பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதனை வழங்குவர். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

இதன் இலைக் கஷாயம் நீரிழிவைத் தணிக்கும் என்னும் நம்பிக்கை பல தேசங்களில் உண்டு. ஜமெய்க்காத் தீவிலிருந்து வந்த இலைகளைக் கனடா தேசத்து நோபிள், பீர் என்னும் இருவர் எலிகளிடத்தில் சோதித்தனர். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்களே குறைந்தன. அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் என்னும் சத்தை 1958-ல் அவர்கள் வெளியிட்டனர். பின்னர் இவ்விலையிலிருந்தே வின்கிறிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் முக்கியமான மருந்தாகும்.

இலையில் நூற்றுக்கு மேற்பட்ட காரச் சத்துக்கள் கலந்திருக்கின்றன. உலர்ந்த இலைத் தூளைத் திராவகங்களில் ஊறவைத்து, வடித்து, ஒவ்வொரு சத்தாகப் பிரித்தல் வேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். ஆதலின் இது தொழிற்சாலையில் நடைபெறத் தக்க காரியமேயன்றி, வீட்டு அடுப்பில் ஆவதன்று. கஷாயத்தில் எச்சத்து எவ்வளவு இறங்கிற்று என்பதைக் காய்ச்சுவோர் அறியார். நோயைக் கொல்லும் சத்தே அளவு மீறின் வெள்ளை அணுக்களைக் குறைத்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

விவசாயியின் பங்கு நல்ல இலையை அளிப்பதே. மேற்கண்ட பகுதிகளில் மனைகளாகாது எஞ்சியுள்ள மேட்டு நிலங்களில், நீர் தேங்காத மணற்பாங்கான மண் இப்பயிருக்கு ஏற்றது. ஏக்கருக்கு ஒரு கிலோ விதையை மணலுடன் கலந்து, ஆனி, ஆடி மாதங்களில் ஒன்றரை அடி இடைவெளியுள்ள வரிசைகளில் தூவலாம். ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலை பறித்து, பன்னிரண்டாம் மாதத்தில் செடியை அறுத்து வேரையும் தோண்டி எடுக்கலாம். மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ உலர்ந்த இலை கிடைக்கும். வேரிலுள்ள அஜ்மலிசின் என்னும் சத்தும் மருந்துக்கு உதவுவதால் வேருக்கும் விலையுண்டு.

இலையை நிழலில் பரப்பி உலர்த்துக. களையும் மண்ணும் கலந்த சரக்கு கழிக்கப்படும். பூஞ்சணம் பிடித்ததும் அவ்வாறே. இலையை மாட்டுத் தீவனத்தில் சேரவிடலாகாது. இதற்கு நெல்லைப் போல் எவ்வூரிலும் சந்தையில்லை. ஆகையால் வாங்குவோரிடம் எழுத்து மூலமாக உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே விதைத்தல் வேண்டும். விதைத்தபின் பயிரின் பெயரை அடங்கலில் பதியச் செய்க.