பொன்னிறப் பூவும் பொறுமையும்



தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற நம்மில் பலர், டாஃபோடில் என்னும் மலரைக் கண்ணால் காணும் முன்பே அதன் பெயரை மனப்பாடம் செய்தவர்கள். 1807ஆம் ஆண்டில் வெளியான வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை ஒப்பித்தோம். பூ எப்படி இருக்கும் என்று கேட்டால் விழித்தோம். உத்தியோக நிமித்தமாகச் சிம்லாவுக்குச் சென்று முதல் குளிர்காலத்தைக் கழித்த பிறகு, மார்ச் மாதத்தில் ஒரு நாள் அண்டை வீட்டு வேலியோரத்தில் அப்பூவை நான் கண்டேன். ஆறு மஞ்சள் இதழ்கள். நடுவே எக்காளத்தின் வாய் போல ஒரு குழல். பனி உருகிய கறுத்த மண்ணின்மேல் அது நின்ற தோற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இது முற்றிலும் அயல்நாட்டுப் பூ என்று எண்ண வேண்டா. டாஃபோடில் நார்சிசஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தின் தாயகம் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளே. ஆயினும் ஒரே காம்பில் பல சிறு பூக்கள் கொத்தாக மலரும் ஒரு வகை, நெடுங்காலமாகவே நம் இமயமலைப் பகுதிகளில் வேரூன்றியிருக்கிறது. வட இந்தியர் அதனை நர்கிஸ் என்பர். காஷ்மீர மக்கள் எம்பர்சல் என்பர். தீனாநாத் நாதிம் 1953இல் இயற்றிய காஷ்மீரி இசைநாடகம், வண்டுக்கும் இந்த மலருக்கும் இடையே எழுந்த காதலையே பொருளாகக் கொண்டது.

இச்செடி வளர்வது விதையினால் அன்று என்றே சொல்லலாம். விதையிலிருந்து பூக்கும் செடியாக வளரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகையால் கிழங்கை நடுவதே வழக்கம். கிழங்கு என்று பேச்சில் சொன்னாலும், அதைக் குறுக்கே அரிந்து பார்த்தால் வெங்காயத்தைப் போல் மடல்மேல் மடலாக இருக்கும். அம்மடல்களே செடியின் களஞ்சியம். கோடையில், மண்ணுக்குள் கிழங்கு உறங்குவதாக நாம் நினைக்கும் காலத்தில், அடுத்த ஆண்டுப் பூவின் கரு அதற்குள் உருவாகிவிடுகிறது. பிறகு பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை நல்ல குளிர் பட்டால்தான் காம்பு நீண்டு பூ வெளிவரும். குளிரே இதற்கு விழிப்பூட்டும் மணி.

இதிலிருந்து நடும் காலம் தானே விளங்கும். மலைப் பிரதேசங்களில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பருக்குள் நட்டுவிட வேண்டும். டில்லி போன்ற சமவெளி ஊர்களில் அக்டோபர் மண்ணில் இன்னும் வெப்பம் இருக்கும். நவம்பர் வரை காத்திருப்பது நலம். சமவெளியில் வசிப்போர் கொத்துப் பூ நர்கிஸையே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். அதற்குக் கடுங்குளிர் தேவையில்லை; நறுமணமும் மிகுதி. பெரிய மஞ்சள் குழல் பூவே வேண்டுமென்போர், கிழங்குகளைக் காகிதப் பையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதம் வைத்து, டிசம்பரில் தொட்டியில் நடலாம். அப்பெட்டியில் ஆப்பிள், வாழை போன்ற பழங்கள் இருத்தலாகாது. பழுக்கும் கனிகளிலிருந்து எழும் வாயு பூவின் கருவைக் கருக்கிவிடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளவர்கள் இந்தப் பெரும்பாட்டை மேற்கொள்ளாமல், அங்கே ரஜனிகந்தா எனப்படும் நம் நிலச்சம்பங்கியையே வைத்து மகிழலாம்.

நடும் முறை எளிது. கையில் எடுத்தால் கல்லைப் போல் கனத்து, அடிப்பாகம் கெட்டியாக உள்ள கிழங்கே நல்ல கிழங்கு. அழுத்தினால் அமுங்குவது அழுகியது; அதைத் தோட்டத்தில் சேர்க்க வேண்டா. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு வைத்து மூடவேண்டும். பெரிய கிழங்குக்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஆழம், கிழங்குக்குக் கிழங்கு 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. நீர் தேங்காத மண்ணாக இருத்தல் இன்றியமையாதது. களிமண்ணானால் மணலும் இலைமக்கும் கலந்துகொள்க. புதுச் சாணம் கூடவே கூடாது. அது கிழங்கை அழுகச் செய்யும். நட்டவுடன் ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி, பிறகு மண் காயும்போது மட்டும் ஊற்றினால் போதும்.

பூத்த பின்னர் செய்ய வேண்டியதில்தான் பலரும் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். முதல் ஆண்டு என் சிம்லாத் தோட்டத்தில் முப்பது பூக்கள் மலர்ந்தன. அவை வாடியதும், சரிந்து கிடந்த நீண்ட இலைகள் கண்ணுக்கு அழகாக இல்லையென்று அனைத்தையும் அரிந்து தள்ளினேன். மறு ஆண்டு இலைகள் வந்தன. ஒரு பூவும் வரவில்லை. அண்டை வீட்டு முதிய தோட்டக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துச் சிரித்தார். “அடுப்பை அணைத்துவிட்டுச் சோறு எங்கே என்று கேட்கிறீர்களே, ஐயா!” என்றார். அவர் சொன்னது உண்மை. பூ உதிர்ந்தபின் ஆறு வாரம்வரை பச்சை இலைகள் வெயிலில் சமைக்கும் உணவே கிழங்கில் சேர்ந்து, அடுத்த ஆண்டுப் பூவாகிறது. வாடிய பூவை மட்டும் கிள்ளி எறியலாம். இல்லையேல் விதை கட்டுவதில் செடி தன் வலிமையைச் செலவிடும். இலைகளை அரியாமலும், சடையாகப் பின்னி முடியாமலும், அவை தாமே மஞ்சளாகிச் சாயும்வரை விட்டுவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, நெருங்கி வளர்ந்த கிழங்குகளைத் தோண்டிப் பிரித்து நட்டால் பூ குறையாது.

சமவெளியில், கோடை வெப்பமும் மழையும் சேர்ந்து மண்ணிலுள்ள கிழங்கை அழுகச் செய்யும். ஆகவே இலை காய்ந்ததும் தோண்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான வலைப்பையில் தொங்கவிடுவர். இங்கேதான் நேயர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

டில்லிக்கு மாற்றலாகி வந்த பிறகு, அவ்வாறு உலர்த்திய நர்கிஸ் கிழங்குகளை ஒரு கூடையில் இட்டுச் சமையலறைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார், நான் அலுவலகம் சென்றிருந்த வேளையில், சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க அக்கூடையை எடுத்து உட்கார்ந்துவிட்டார். நான்கைந்து உரித்த பின்பு, “இது என்னடி வெங்காயம், கண்ணும் கரிக்கவில்லை, வாசனையும் இல்லை?” என்று என் மனைவியைக் கேட்டாராம். அந்த ஒரு கேள்வியே எங்கள் குடும்பத்தைக் காத்தது.

இக்கிழங்கில் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. உண்டால் வாந்தி, வயிற்றுவலி, பேதி உண்டாகும். வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. 2009இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில், தோட்டத்துக் காய்கறிகளைக் கொண்டு சூப் வைத்தபோது வெங்காயத்தோடு ஒரு டாஃபோடில் கிழங்கும் கலந்துவிட, பன்னிரண்டு குழந்தைகள் நோயுற்றனர். 2015இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினர், கடைகளில் இம்மலரையும் கிழங்கையும் உணவுப் பொருள்களுக்கு அருகில் வைக்கலாகாதென்று வணிகர்களைக் கேட்டுக்கொண்டனர். வெங்காயமும் டாஃபோடிலும் ஒரே தாவரக் குடும்பத்தின் கிளைகள். உருவ ஒற்றுமை தற்செயலன்று. ஊரிலிருந்து சின்ன வெங்காயம் வரவழைத்துச் சேமித்து வைக்கும் நம் இல்லங்களில் இந்த மயக்கம் எளிதில் நேரக்கூடும். எனவே கிழங்குப் பையின்மேல் தமிழில் பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாரேனும் தவறி உண்டுவிட்டால், கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தோல் மென்மையுள்ளோர் கையுறை அணிந்து கிழங்கைத் தொடுவது நல்லது. அதன் சாறு அரிப்பை உண்டாக்கும். பறித்த பூவின் காம்பிலிருந்து வடியும் சாறு மற்றப் பூக்களை வாட்டிவிடும். ஆதலால் ஓர் இரவு தனி நீரில் வைத்த பின்னரே பிற மலர்களோடு சேர்த்தல் வேண்டும்.

நஞ்சே மருந்தாவதும் உண்டு. இவ்வினத்திலிருந்து கிடைக்கும் கேலண்டமின் என்னும் பொருள், முதுமையில் நினைவு மங்கும் அல்சைமர் நோயாளிகளுக்கு மருந்தாகப் பயன்படுகிறது. இதற்கென்றே வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளில் டாஃபோடில் பயிரிடுகிறார்கள்.

மாற்றல் உத்தரவு கையிலிருக்கும்போது செடி நடுவானேன் என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. சிம்லாவை விட்டு வந்தபோது என் கிழங்குகளில் பாதியை அந்த வேலியோரத்திலேயே விட்டு வந்தேன். அங்கே இப்போது குடியிருப்பவர் எம்மொழியினரோ அறியேன். இலையை மட்டும் அவர் அரியாதிருந்தால், மார்ச் மாதத்தில் பூ வரும்.