வீட்டுக் கணினிப் பண்ணை: எந்த பிராசஸர் கட்டுப்படியாகும்?

2018 டிசம்பர் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஒக்காலா நகரத் தன்னார்வலர் ஒருவரின் கணினி, அன்றுவரை அறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தது. அந்த எண்ணை முழுதாக எழுத 2,48,62,048 இலக்கங்கள் வேண்டும். அது பகா எண்தான் என்று நிறுவும் கணக்கு, இன்டெல் ஐ5-4590டி பிராசஸர் பொருத்திய கணினியில் இரவு பகலாக 12 நாள் ஓடியது. நான்கு கோர்கள், 35 வாட் மின்சாரம் என்ற அளவில் அலுவலக மேசைகளுக்காகச் செய்யப்பட்ட சாதாரண பிராசஸர் அது.

இந்தத் தேடலை நடத்துவது ‘ஜிம்ப்ஸ்’ என்ற திட்டம். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் இதைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். 1999 மே மாதம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த ‘செட்டி அட் ஹோம்’, வேற்றுக் கிரக உயிர்களின் வானொலி அலைகளைத் தேடும் வேலையை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். 2000-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’, புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடுகிறது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் மக்கள் அதில் குவிந்தபோது, அதன் கூட்டு வேகம் விநாடிக்கு 1-ஐ அடுத்து 18 சுழியங்கள் கொண்ட கணக்குகளைத் தாண்டியது. அன்று உலகில் இருந்த எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டரும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை.

கல்யாண வீட்டில் மூட்டைக் காய்கறியை ஆளுக்கொரு கூடையாகப் பிரித்து நறுக்கக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. பெரிய கணக்கு சிறு துண்டுகளாகிறது. ஒவ்வொரு வீட்டுக் கணினியும் ஒரு துண்டை இணையத்தில் வாங்கி, முடித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. ‘பாயின்க்’ என்ற இலவச மென்பொருள், இப்படிப்பட்ட பல திட்டங்களை ஒரே இடத்திலிருந்து நடத்த உதவுகிறது.

பெரும்பாலோர் இருக்கிற கணினியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆர்வம் மீறியவர்கள் இதற்கென்றே நான்கைந்து கணினிகளை வாங்கி அடுக்கிப் பண்ணை அமைக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, எந்த பிராசஸர் லாபம் என்பது.

வேலையைப் பார்த்து ஆளைத் தேடு

பிராசஸரைத் தேர்வதற்கு முன் திட்டத்தைத் தேர்ந்துவிட வேண்டும். காரணம், எல்லாக் கணக்கிலும் கெட்டிக்காரனாக ஒரு பிராசஸரும் இல்லை.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 இதற்கு நல்ல சாட்சி. அந்தக் காலத்தில் ‘டிஸ்ட்ரிபியூட்டட் டாட் நெட்’ என்ற குழு, ஆர்சி5 என்ற மறையீட்டின் சாவியை வீட்டுக் கணினிகளைக் கொண்டு தேடிக்கொண்டிருந்தது. எண்ணின் பிட்டுகளைச் சுழற்றுவதுதான் அந்தக் கணக்கின் உயிர்நாடி. பென்டியம் 4 அதில் மந்தம். முந்தைய பென்டியம் 3 அதே கடிகார வேகத்தில் அதைத் தோற்கடித்தது. ஆனால் பகா எண் தேடலில் நிலைமை தலைகீழ். தசம எண்களை இரண்டிரண்டாகக் கணக்கிடும் எஸ்எஸ்இ2 என்ற புதிய கட்டளைத் தொகுதி பென்டியம் 4-இல் இருந்ததால், ஜிம்ப்ஸ் ஆர்வலர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஒரே பிராசஸர் ஒரு திட்டத்தில் வீண்செலவு, இன்னொன்றில் நல்ல முதலீடு.

இன்றும் இதே கதைதான். பகா எண் திட்டங்களுக்கு ஏவிஎக்ஸ் வகைக் கட்டளைகள் முக்கியம். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன், 256 பிட் கணக்கை இரண்டு தவணையாகச் செய்தது. 2019-இல் வந்த மூவாயிர வரிசை ரைசன் அதை ஒரே தவணையில் முடித்தது. இரண்டுக்கும் விளம்பரத்தில் எட்டுக் கோர் என்றுதான் எழுதியிருக்கும். இந்த வேலையில் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம். ஒக்காலாவில் கிடைத்த எண்ணின் அளவுள்ள எண்ணைச் சோதிக்க, ஒரு கணக்குக்கே 35 மெகாபைட்டுக்கு மேல் தரவு சுழலும். அது கேஷுக்குள் அடங்காவிட்டால் ராமிலிருந்து மறுபடி மறுபடி எடுத்துவர வேண்டும். கோர்கள் சும்மா காத்திருக்கும். அதனால் இத்தகைய திட்டங்களில் கோருக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பதைவிட, எல்லாக் கோர்களும் சேர்ந்து ஒரே கணக்கைச் செய்வது பெரும்பாலும் பலன் தரும். 96 மெகாபைட் கேஷுடன் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கப்பட்டாலும், இந்த வகைக் கணக்குக்கும் அதன் பெரிய கேஷ் பொருந்துகிறது.

புரத வடிவமைப்பு, பருவநிலைக் கணக்கு போன்ற திட்டங்களில் ராம் அளவுதான் முட்டுக்கட்டை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜிபி, சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படலாம். பதினாறு இழை (த்ரெட்) பிராசஸரை வாங்கிவிட்டு 8 ஜிபி ராம் போட்டால் பாதி இழைகள் வேலையின்றிக் கிடக்கும்.

விலைச்சீட்டு மட்டும் போதுமா?

பண்ணைக்காரர்களின் தொடக்க காலத்தில் கொள்முதல் விலைதான் எல்லாம். 1998-இல் வந்த செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு விற்கப்பட்டு, பலரிடம் சிரமமின்றி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 1999-இல் ஏபிட் நிறுவனம் வெளியிட்ட பிபி6 என்ற மதர்போர்டில் இரண்டு செலரான்களை ஒன்றாகப் பொருத்தலாம். இரட்டை பிராசஸர் கணினி சாமானியர் கைக்கு வந்தது. 2000-இல் ஏஎம்டியின் டியூரான் அந்த மலிவு மரபைத் தொடர்ந்தது. பெட்டி, மானிட்டர், கீபோர்டு எதுவுமில்லாமல் வெறும் போர்டுகளை மர அடுக்கில் வரிசையாக நிறுத்தி, நெட்வொர்க் வழியாகவே உயிரூட்டிப் பண்ணை நடத்தியவர்கள் உண்டு.

இன்றைய பண்ணையின் கணக்கில் மின்கட்டணமும் சரிபாதிப் பங்காளி. 100 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 876 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,000 ரூபாய். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையையும் கூட்டும் முறை இருப்பதால், பண்ணை இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டின் உச்ச விகிதத்தில்தான் விழும்.

ஒரு நிஜ உதாரணம். 2012-இல் இன்டெல் வெளியிட்ட சியான் இ5-2670, எட்டுக் கோர் சர்வர் பிராசஸர். அப்போதைய விலை 1,500 டாலருக்கு மேல். தரவு மையங்கள் பழைய சர்வர்களைக் கழித்துக் கட்டியபோது, 2016 வாக்கில் அதே பிராசஸர் 100 டாலருக்கும் குறைவாகப் பழைய பொருள் சந்தையில் குவிந்தது. இரண்டை வாங்கி ஒரே போர்டில் போட்டால் 16 கோர், 32 இழை. பண்ணைக்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். அன்றைக்கு அது நல்ல பேரம்தான்.

இன்றைக்கு? இரண்டு சியானுக்குமே 230 வாட். போர்டு, ராம், மின்விசிறி எல்லாம் சேர 300 வாட் என்று கொள்ளலாம். 2022-இல் 199 டாலருக்கு வந்த ஆறு கோர் ரைசன் 5 5600, எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும் பல வேலைகளில் அந்த ஜோடிக்கு ஏறத்தாழ ஈடு கொடுக்கிறது. முழுக் கணினியும் சேர்ந்து 120 வாட் அளவில் அடங்கும். எட்டு ரூபாய்க் கணக்கில் ஆண்டு மின்செலவு சியான் ஜோடிக்கு 21,000 ரூபாய், ரைசனுக்கு 8,400 ரூபாய். மூன்று ஆண்டில் வித்தியாசம் 37,000 ரூபாயைத் தாண்டுகிறது. போதாததற்கு, அந்தச் சியானில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. பகா எண் வேலையில் இன்னும் பின்தங்கும். சும்மா கொடுத்தால்கூட வாங்க யோசிக்க வேண்டிய பொருள் அது.

ஆகவே சரியான கணக்கு இதுதான்: முழுக் கணினியின் விலையோடு மூன்று ஆண்டு மின்கட்டணத்தைக் கூட்டுங்கள், அந்த மூன்று ஆண்டில் அது முடிக்கும் வேலையால் வகுங்கள். கிடைக்கும் எண் எதில் குறைவோ அதுவே மலிவு.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்

இந்தக் கணக்கில் பெட்டியில் அச்சிட்ட வாட் அளவை அப்படியே நம்பக் கூடாது. ரைசன் 9 7950எக்ஸ் மேல் 170 வாட் என்று இருக்கும். முழு வேலையில் 230 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. இன்டெல் கோர் ஐ9-13900கே-யின் அடிப்படை அளவு 125 வாட், உச்சம் 253 வாட். ப்ளக்கில் செருகி அளக்கும் சிறு மின்மானி ஒன்றை வாங்கிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

அனுமதித்த உச்சத்தில் ஓட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. பிராசஸர் எடுக்கும் மின்சாரம் கடிகார வேகத்தோடு மட்டுமின்றி வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கடைசிப் பத்து சதவீத வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றும்போதுதான் மின்சாரம் கொட்டிப் போகிறது. 7950எக்ஸின் ‘ஈகோ மோடு’ அதை 88 வாட்டுக்குள் கட்டிப்போடுகிறது. மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கினாலும் வேகம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. ஓவர்கிளாக் செய்து பெருமைப்பட்ட பண்ணைக்காரர்கள் இன்று வேகத்தைக் குறைத்து லாபம் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொரு பாடம் கிடைக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் போர்டு, ராம், பவர் சப்ளை, எஸ்எஸ்டி என்று தனிச்செலவு உண்டு. அவையும் மின்சாரம் தின்கின்றன. நான்கு சிறு கணினிகளைவிட, நிதான வேகத்தில் ஓடும் பன்னிரண்டு அல்லது பதினாறு கோர் கணினி ஒன்று சிக்கனம். ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கப் பலகைகள் ஏழெட்டு வாட்டில் ஓடும், கற்றுக்கொள்ள அருமையானவை. ஆனால் முடிக்கும் வேலையும் அதற்கேற்பக் குறைவு. ஒரு டெஸ்க்டாப்புக்கு ஈடாக எத்தனை பலகை வேண்டும் என்று கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும்.

ஃபோல்டிங் அட் ஹோம் போன்ற திட்டமானால் பிராசஸரில் பணத்தைக் கொட்டவே வேண்டாம். அங்கே கிராபிக்ஸ் கார்டுதான் ராஜா. பகா எண் உலகிலும் காற்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது: 2024 அக்டோபரில் கிடைத்த 4,10,24,320 இலக்கப் பகா எண்ணைத் தேடிப் பிடித்தவை தரவு மையங்களில் இருந்த என்விடியா கிராபிக்ஸ் சிப்கள்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. பிராசஸர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் மாறுகிறது. கனடாவிலும் ஜெர்மனியிலும் குளிர்காலத்தில் அது வீட்டுக்கு இதம். மே மாதச் சென்னையிலோ, 300 வாட் சூட்டை வெளியேற்ற ஏசி இன்னும் 100 வாட் அளவுக்கு உழைக்க வேண்டும். அதனால் நம் ஊரில் வாட் குறைந்த பிராசஸருக்கு இரட்டை மதிப்பு.

நம் வீட்டுக்குப் பொருந்துவது, 65 வாட் வகையைச் சேர்ந்த, ஆறு முதல் பன்னிரண்டு கோர் கொண்ட, ஏவிஎக்ஸ்2 உள்ள, ஓரிரு தலைமுறை மட்டுமே பழைய பிராசஸர் ஒன்று. இழைக்கு ஒரு ஜிபிக்குக் குறையாத ராம். தரமான பவர் சப்ளை. அதையும் உடனே வாங்கிவிட வேண்டாம். இருக்கிற கணினியிலேயே இன்று பாயின்க்கை நிறுவி, மனதுக்குப் பிடித்த திட்டத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். முடித்த வேலையையும் ஓடிய யூனிட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பண்ணை தேவையா, எவ்வளவு பெரிதாக என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்யலாம்.