வேலி மாறும்போது
நாயும் நச்சுச் செடியும் – தொடர்

சுவிட்சர்லாந்தின் வீட்டுத் தோட்டங்களைத் தெருவின் பார்வையிலிருந்து மறைப்பதற்காகப் பல ஆண்டுகளாக விரும்பி நடப்பட்டுவந்த செர்ரி லாரல் என்னும் பசுமை மாறாப் புதர்ச்செடியை விற்பதும், இறக்குமதி செய்வதும், அன்பளிப்பாகக் கொடுப்பதும் 2024 செப்டம்பர் 1 முதல் அந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. இதன் பழங்களைத் தின்னும் பறவைகள் விதைகளைக் காடுகளுக்குக் கொண்டுசெல்வதால், அங்கே இது அடர்ந்து வளர்ந்து மண்ணின் சொந்தச் செடிகளை நெருக்கி அழிக்கிறது என்பதே தடைக்குக் காரணம். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் வேலிகளை அகற்றவேண்டிய கட்டாயமில்லை என்றாலும், பழைய வேலி பட்டுப்போகும் இடங்களில் புதிதாக எதை நடுவது என்ற கேள்வி எழுந்துள்ளது. நாய் வளர்க்கும் வீடுகளுக்கு அதன் விடை உயிர் சார்ந்தது.

செர்ரி லாரலின் இலையிலும் விதையிலும் சயனோஜெனிக் கிளைக்கோசைடு, அதாவது மெல்லப்படும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சை வெளிவிடும் சர்க்கரைச் சேர்மம் இருக்கிறது. மரவள்ளி இலையைத் தின்ற ஆடு சுருண்டு விழுவதை அறிந்த தமிழ் உழவர்களுக்கு இவ்வகை நஞ்சு புதியதன்று. எனினும், தடித்த அந்த இலைகளை நாய் பெருமளவில் மென்று விழுங்குவது அரிது. முழுதாக விழுங்கப்பட்ட விதையும் பெரும்பாலும் உடையாமலே வெளியேறிவிடும்.

அதற்கு மாற்றாக நடப்படும் யூ மரத்தின் நிலை வேறு. ஜெர்மன் மொழியில் ஐபே என வழங்கும் இந்த ஊசியிலை மரம் சுவிஸ் மண்ணுக்கே உரியது. சூரிச் நகரை ஒட்டிய ஊட்லிபெர்க் மலைச்சரிவில் இது ஏராளமாக வளர்கிறது. உள்நாட்டுச் செடி என்பதாலும், வெட்ட வெட்டத் தழைக்கும் பசுமை மாறாத் தன்மையாலும் வேலிக்குப் பரிந்துரைக்கப்படும் இம்மரத்தில், விதையைச் சூழ்ந்த சிவந்த சதையுறை ஒன்றைத் தவிர எல்லாப் பகுதிகளும் நஞ்சாகும். டாக்ஸின் எனப்படும் இதன் ஆல்கலாய்டுகள், அதாவது தாவரங்கள் உண்டாக்கும் நைட்ரஜன் கலந்த வீரியப் பொருள்கள், இதயத் தசையில் சோடியம், கால்சியம் அயனிகளின் போக்கைத் தடுத்து நாடித்துடிப்பைத் தாறுமாறாக்குகின்றன. கைப்பிடியளவு ஊசியிலை நாயைக் கொல்லப் போதுமானது; நடுக்கமும் தள்ளாட்டமும் தோன்றலாம், எந்த அறிகுறியும் இன்றி இதயம் திடீரென நின்றும் போகலாம். இந்நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. உள்நாட்டுச் செடி என்பதும் தீங்கற்ற செடி என்பதும் ஒன்றல்ல என்பதை வேலி மாற்றுவோர் உணர்வது மிக அவசியம்.

நாய் மாட்டைப் போல மேயும் விலங்கன்று என்பதால், நஞ்சு பெரும்பாலும் மனிதன் செய்யும் வேலையின் வழியாகவே அதன் வாய்க்கு எட்டுகிறது. வேலியைக் கத்தரித்தபின் தரையில் கிடக்கும் யூ கிளை, எறிந்தால் எடுத்துவரும் விளையாட்டுக் குச்சியாகிவிடுகிறது. காய்ந்த பின்னும் அதன் நஞ்சு குறைவதில்லை. இலையுதிர்காலத்தில் நார்சிசஸ், டூலிப் ஆகியவற்றின் நச்சுக் கிழங்குகளைப் புதைத்த இடத்தில் எலும்புத்தூள் உரத்தின் வாசனை வீசினால், நாய் அவ்விடத்தைத் தோண்டாமல் விடாது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் ஆமணக்குப் புண்ணாக்கு இன்னும் கொடியது: ரிசின் என்னும் நச்சுப்புரதம் எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது, போதிய வெப்பத்தில் பக்குவப்படுத்தப்படாத புண்ணாக்கை உரமாக இட்ட இடங்களில் அதைச் சுவைத்த நாய்கள் இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய நஞ்சுகளுள் வேறு சில ஊரிலேயே அறிமுகமானவை. லுகானோ, லொகார்னோ ஏரிக்கரைகளில் வெளியிலும், ஆல்ப்ஸின் வடக்கே தொட்டிகளிலும் வளர்க்கப்படும் ஓலியாண்டர், இதயத்தைத் தாக்கும் அதே அரளிதான். இலையுதிர்காலப் புல்வெளிகளில் இலையின்றி இளம் ஊதா நிறத்தில் பூக்கும் ஹெர்ப்ஸ்ட்சைட்லோசே, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்தது; இரண்டிலும் உள்ள நஞ்சு, உயிரணுப் பிளவை நிறுத்தும் கொல்கிசின். காந்தள் கிழங்கைக் குழந்தைகள் தொடாமல் காத்த அதே எச்சரிக்கை நாயின் பொருட்டும் இங்கே வேண்டும்.

வேலிக்கு ஏற்ற ஹார்ன்பீம், ஹேசல் போன்ற உள்நாட்டுச் செடிகள் நாய்க்குத் தீங்கற்றவை. குளிர்காலத்தில் அவை மறைப்பை முழுமையாகத் தரமாட்டா என்றாலும், அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வதே தகும். ஏற்கெனவே யூ வேலி இருப்பின், கத்தரித்த அன்றே கிளைகளைப் பெருக்கி அகற்றிவிடவேண்டும். நாய் எதையேனும் தின்றுவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலக்கூடாது. அந்த உப்பே உயிருக்கு ஊறு செய்யும். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் ஊசிமருந்தால் வாந்தியை வரவழைத்து, எஞ்சிய நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைக் கொடுக்க இயலும் என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் தின்ற செடியின் துண்டோடு அவரிடம் விரையவேண்டும். எந்தச் செடி எவ்விலங்குக்கு எவ்வளவு கேடு என்பதைச் சூரிச் பல்கலைக்கழகத்தின் கிளினிடாக்ஸ் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கலாம். 1966 முதல் சூரிச்சில் இயங்கிவரும் டாக்ஸ் இன்ஃபோ சுவிஸ் என்னும் நச்சுத் தகவல் மையம், விலங்குகள் பற்றிய அழைப்புகளையும் இரவு பகலாக ஏற்கிறது. அதன் அவசர எண் 145.

(தொடரும்)