அலுமினியக் கருதுகோள் (ஆல்சைமர் நோய்)

அலுமினியக் கருதுகோள் என்பது, உடலுக்குள் செல்லும் அலுமினியம் மூளையில் சேர்ந்து ஆல்சைமர் நோயை உண்டாக்குகிறது அல்லது விரைவுபடுத்துகிறது என்னும் கருத்தாகும். 1965 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நரம்பியல் ஆய்வாளர்களிடையே பெரிதும் விவாதிக்கப்பட்ட இக்கருத்தை இன்று பெரும்பாலானோர் ஏற்பதில்லை. எனினும் சமையல் பாத்திரங்கள் பற்றிய அச்சமாக மக்களிடம் இது நீடிக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுத் தொழிலாளர் அலுமினியத் தூளை நாள்தோறும் கையாள்வதால், அங்கு இக்கேள்வி பாத்திரத்தோடு நின்றுவிடுவதில்லை.

மூளையில் காணப்படும் மாற்றங்கள்

1906 நவம்பரில் செருமானிய மருத்துவர் அலோய்சு ஆல்சைமர், கடும் மறதியுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட இரு மாற்றங்களை விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள் இருந்தன; நரம்பணுக்களுக்குள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்கள் இருந்தன. படிவுகள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துண்டால் ஆனவை என்பது 1984-85 ஆண்டுகளிலும், சிக்கல்கள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்பது 1986 வாக்கிலும் தெரியவந்தன. நரம்பணுவுக்குள் பொருள்களைக் கடத்தும் நுண்குழல்களை, தண்டவாளத்தைக் குறுக்குக்கட்டைகள் பிணைப்பதுபோல் டௌ பிணைத்து நிற்கிறது. அது கழன்று தன்னோடு தானே பின்னிக்கொள்ளும்போது கடத்தல் தடைப்பட்டு நரம்பணு நலிகிறது. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே இம்மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

கருதுகோளின் தோற்றம்

1965இல் அமெரிக்காவில் கிளாட்சோ குழுவினரும், டெரி, பெனியா ஆகியோரும் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் இழைச் சிக்கல்கள் தோன்றின. 1973இல் டொராண்டோவில் கிராப்பர் குழுவினர், ஆல்சைமர் நோயாளிகளின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக அறிவித்தனர். அதே காலத்தில், சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புப் பெற்ற சிலருக்குப் பேச்சுக் குழறல், வலிப்பு, அறிவு மயக்கம் ஆகியவை ஏற்பட்டன. சுத்திகரிப்பு நீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியமே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அலுமினியம் நரம்புக்கு நஞ்சாக முடியும் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது. ஆல்சைமர் நோய்க்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதே பிற்கால அச்சத்தின் வேர் எனலாம்.

எதிர்ச் சான்றுகள்

முயல்களில் தோன்றிய இழைகள் நேரானவை. நரம்பணுவின் வேறொரு புரதத்தால் ஆனவை. மனிதரிடம் காணப்படுபவையோ இரண்டிரண்டாக முறுக்கிய டௌ இழைகள். இரத்தச் சுத்திகரிப்பு நோயாளிகளின் மூளையிலும் ஆல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் பரவலாகக் காணப்படவில்லை. 1986இல் அமிலாய்டுத் திட்டுகளின் மையத்தில் அலுமினியம் இருப்பதாக ஓர் ஆய்வு கூறியது. 1992இல் ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள் சாயமேற்றாத மூளைத் திசுவை அணுக்கரு நுண்ணோக்கியால் பார்த்தபோது அங்கு அலுமினியம் தென்படவில்லை. ஆய்வகச் சாயங்களில் இருந்த மாசே முந்தைய முடிவுகளுக்குக் காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது.

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் உலோகம் சற்றுக் கூடுதலாகவே கரையும். ஆனால் உண்ணும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே இரத்தத்தை அடைகிறது. அதையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். முயலின் மூளைக்குள் ஊசியால் செலுத்துவதோடு இதனை ஒப்பிட இயலாது.

தொழிலிடங்களில் அலுமினியத் தூள்

தூளை மூச்சில் இழுப்பது வேறு வகையானது. நுண்தூள் நுரையீரலில் தங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கும். இதற்குக் கனடாவின் ஒன்ராறியோ மாநிலம் முதன்மையான எடுத்துக்காட்டாகும். அங்கு 1943 முதல் 1979 வரை, சிலிக்கா தூசால் வரும் நுரையீரல் நோயைத் தடுக்கும் என நம்பி, சுரங்கத் தொழிலாளரை மக்கின்டயர் தூள் என்னும் அலுமினியத் தூளை உள்ளிழுக்கச் செய்தனர். 1990இல் வெளியான ஆய்வில், தூளை இழுத்தவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தனர். பிற்காலப் பெரிய ஆய்வொன்றில் பார்க்கின்சன் நோய் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆல்சைமர் நோய் அவ்வாறு காணப்படவில்லை. பார்க்கின்சன் நோயை இத்தூளால் வரும் தொழில்சார் நோயாக ஒன்ராறியோ அரசு 2022இல் ஏற்றது.

சிவகாசிப் பகுதி

கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், அணுகுண்டு ஆகியவற்றின் வெண்ணிற ஒளிக்கும் வெடிப்புக்கும் நுண்ணிய அலுமினியத் தூளே முதன்மைப் பொருள். மருந்து கலப்போர், செலுத்துவோர் ஆகியோரின் கையிலும் முகத்திலும் அது வெள்ளிப்பூச்சுப் போல் படிந்திருப்பதைக் காணலாம். ஈரம் பட்டால் இத்தூள் வெப்பமும் ஐதரசன் வளியும் வெளியிடும்; மழைநாள் வெடிவிபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம். மேற்கண்ட சான்றுகளின்படி, இத்தொழிலாளருக்கு ஆல்சைமர் நோய் வந்தே தீரும் என்று அஞ்ச இடமில்லை. தூள் தீங்கற்றது என்று கொள்ளவும் இடமில்லை. மறதி நோய்க்குத் தவிர்க்கத்தக்க காரணிகளாக 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட 14இல் அலுமினியம் இல்லை. குறைந்த கல்வி, கேள்திறன் இழப்பு, காற்று மாசு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளன. வெடியோசைக்கும் புகைக்கும் நடுவே, பள்ளிப்படிப்பை இடையில் விட்டு வேலைக்கு வந்தோர் பலரைக் கொண்ட பகுதிக்கு இவையே கூடுதலாகப் பொருந்துவன.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகளுள் 'சஃபல்' என்பது அலுமினியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்க்கும் வகையாகும். இம்மாற்றம் வாங்கி வெடிப்போரின் காற்றைக் கருதிச் செய்யப்பட்டது. மருந்து அறையில் இருப்போர் உள்ளிழுக்கும் அலுமினியத் தூளும் இதனால் குறைய வாய்ப்புண்டு.